இரண்டு மணிக்குச் சூடாகும் பெட்டி

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். உப்புத் தண்ணீரில் நின்று நின்று அப்பாவுக்குக் காலில் புண் வைத்து, அது ஆறாமல் படுத்துவிட்ட வருஷம் அது. வீட்டிலிருந்து ஒரு ஆள் உப்பளத்துக்குப் போக வேண்டியிருந்தது, போனேன். மூன்று பருவம் உப்பு வாரினேன். அதன் பிறகு ஓரிடத்தில் நிற்கும் பழக்கம் எனக்கு வரவே இல்லை. லாரி கிளீனராக நெல்லூர் வரை ஓடினேன். விசாகப்பட்டினத்தில் ஐஸ் கம்பெனியில் இரண்டு வருஷம் இருந்தேன். பெங்களூரில் உயரமான கட்டடங்களில் கயிற்றில் தொங்கி ஏசி மாட்டினேன். கடைசியாக ஐதராபாத்துக்கு வெளியே, கம்ப்யூட்டர்களை வைத்துக் குளிரூட்டுவதற்கென்றே கட்டிய ஒரு பெரிய கட்டடத்தில் வேலை. அங்கே உள்ளவர்கள் அதை டேட்டா சென்டர் என்பார்கள். மணிக்கு ஒருமுறை, கம்ப்யூட்டர்களை அடுக்கிய ஒவ்வொரு ரேக்குக்கும் முன்னால் எவ்வளவு சூடு, பின்னால் எவ்வளவு சூடு என்று நோட்டில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் அன்றைய கூலி கிடையாது. எழுதிப் பழகிவிட்டது.

அம்மா இறந்ததற்குச் சொந்த ஊரான மரக்காணம் வந்தேன். காரியம் முடிந்து கிளம்ப வேண்டியவன், உப்பளங்களுக்கு நடுவில் இருக்கும் பல்கலைக்கழகத்தின் கடற்கரை வளாகத்தில் ஏசி ஆபரேட்டர் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தேன். ஒப்பந்த வேலைதான். அந்த வளாகத்தைச் சுற்றி மூன்று பக்கமும் பாத்திகள், நான்காவது பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போகும் மண்பாதை. உப்புக் காற்றில் ஏசியின் வெளிப்பெட்டி ஒரு வருஷத்தில் வெள்ளை பூத்துவிடும். விரல் வைத்தால் தகடு பொடியாக உதிரும். வேறு ஊர்க்காரன் இரண்டு மாதம் பார்த்துவிட்டு ஓடிவிடுவான். எனக்கு அந்த உப்பு புதிதில்லை என்பதால் என்னை வைத்துக்கொண்டார்கள்.

தரைத்தளத்தில் சர்வர் அறை. நான்கு ரேக்குகள், இரண்டு ஏசிகள். வளாகத்தின் மதிப்பெண் பட்டியல், ஆராய்ச்சிக்காரர்கள் கிணறுகளிலும் அளங்களிலும் எடுக்கும் உப்புத்தன்மை அளவுகள், பாட வீடியோக்கள், விழாப் புகைப்படங்கள் எல்லாம் அந்த நான்கு ரேக்குகளுக்குள். நான் ஒரு பள்ளிக்கூட நோட்டு வாங்கிக் கோடு போட்டு, ஐதராபாத்தில் எழுதியதுபோலவே எழுதத் தொடங்கினேன். யாரும் கேட்கவில்லை. யாரும் வாங்கிப் பார்க்கவும் இல்லை.

ஏப்ரல் கடைசியில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு முறை வளாகம் முழுக்கக் கரண்ட் போனது. டிரான்ஸ்பார்மர் தாங்கவில்லை. அலுவலகக் கண்காணிப்பாளர் ஒரு ஆர்டர் போட்டார்: மறு உத்தரவு வரும்வரை நூலக வாசிப்பு அறையில் மதியம் இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை விளக்கும் மின்விசிறியும் நிறுத்தப்படும். நிறுத்துகிற சுவிட்ச் என் அறைக்கு வெளியே இருக்கும் பேனலில். தினமும் இரண்டு மணிக்கு நான்தான் அதைக் கீழே இறக்க வேண்டும்.

அந்த வாசிப்பு அறையில்தான் என் அக்கா மகள் படித்துக்கொண்டிருந்தாள். எம்.எஸ்சி. கடைசி வருஷம். ஜூன் நடுவில் கல்லூரி ஆசிரியர் ஆவதற்கான தகுதித் தேர்வு. அக்காவும் அத்தானும் அளத்தில் கூலிக்குப் போகிறவர்கள். விடிவதற்கு முன் போய் வெயில் ஏறும்போது திரும்பி, சிமென்ட் ஷீட் போட்ட ஒரே அறையில் மதியம் படுத்துத் தூங்குவார்கள். மே மாதம் மதியம் அந்த ஷீட்டுக்குக் கீழே புத்தகம் விரிக்க முடியாது. தாளில் வியர்வை சொட்டும், தூங்குகிறவர்களை எழுப்பாமல் இருக்கப் பக்கத்தைக்கூட மெதுவாகத்தான் புரட்ட வேண்டும். அவளைப்போல ஏழெட்டுப் பெண்கள் அந்த அறையை நம்பி வந்துகொண்டிருந்தார்கள்.

ஆர்டர் வந்த மூன்றாம் நாள் சாப்பாட்டு டப்பாவோடு சர்வர் அறை வாசலில் வந்து நின்றாள்.

"மாமா, உங்க பொட்டிங்களுக்கு ரெண்டு ஏசி. எங்களுக்கு ஒரு ஃபேன் கிடையாதா? அந்தப் பொட்டியா பரீட்சை எழுதப் போவுது?"

"நான் என்னம்மா பண்றது? ஆர்டர் போட்டது ஆபீசு."

"ஆர்டர் போட்டது ஆபீசு. சுச்சு இறக்கறது யாரு?"

அவள் போன பிறகு கண்காணிப்பாளரிடம் போய், எப்போது மறு உத்தரவு வரும் என்று கேட்டேன்.

"சர்வர் ரூம்ல ரெண்டு ஏசி பத்தல, மூணாவது போடணும்னு ஃபைல் அனுப்பியிருக்கேன்பா. மூணாவது போட்டா லோடு ஏறும். அதுக்கு டிரான்ஸ்பார்மர் மாத்தணும். அது வந்ததும் பாக்கலாம்."

"எப்ப சார் வரும்?"

"கவர்ன்மென்ட்டு வேலைப்பா. ரெண்டு வருஷத்துல வந்துடும்."

இரண்டு வருஷம் என்றால் இரண்டு கோடை. அக்கா மகளுக்கு இருந்தது ஆறு வாரம்.

அன்று மதியம் சுவிட்சை இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து நோட்டைப் புரட்டினேன். எனக்குப் பெரிய எழுத்து வாசிப்பு கிடையாது, ஆனால் எண்களை வரிசையாகப் பார்த்தால் எது இடறுகிறது என்று தெரியும். முதல் மூன்று ரேக்குகளும் காலையிலிருந்து மாலை வரை ஒரே மாதிரி. நான்காவது மட்டும் சரியாக இரண்டு மணிக்குச் சூடேறத் தொடங்கி நான்கரைக்கு இறங்குகிறது. தினமும். கோடையில்தான் ஏசி அதற்கு ஈடு கொடுக்க முடியாமல் திணறுகிறது. ஞாயிற்றுக்கிழமைப் பக்கங்களைப் பார்த்தேன். ஞாயிறும் அதே ஏற்றம். ஞாயிற்றுக்கிழமை வளாகத்தில் இருப்பது வாட்ச்மேனும் இரண்டு நாய்களும்தான். அப்படியென்றால் யாரும் உபயோகிக்காமலேயே அந்தப் பெட்டி எதையோ செய்துகொண்டிருக்கிறது.

எழுந்து போய் அதன் பின்பக்கம் புறங்கையை வைத்துப் பார்த்தேன். சமைத்து இறக்கிய குண்டான் பக்கத்தில் வைத்ததுபோல இருந்தது. மற்ற மூன்றும் பேருக்குத்தான் சூடு. நான்காவதின் முன்பக்கக் கம்பிவலை முழுக்கச் சந்தனம், குங்குமம். காய்ந்த சந்தனம் ஓட்டைகளை அடைத்திருந்தது. ஒரு செவ்வந்தி இதழ் உள்ளே ஃபில்டரில் ஒட்டிக் கறுத்திருந்தது.

சர்வர்களைப் பார்த்துக்கொள்கிற அம்மா கூனிமேட்டுக்காரர். சின்ன வயசு, வேலைக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு அவர் மேசைக்குப் போனேன்.

"மேடம், நாலாவது ரேக்கு ரெண்டு மணிக்கு என்னா பண்ணுது?"

அவர் நோட்டை வாங்கிப் பார்த்தார். ஒரு பக்கம், இன்னொரு பக்கம், பிறகு முதலிலிருந்து. "யா அல்லாஹ்! ஒன்றரை வருஷமா எழுதியிருக்கீங்களா அண்ணா? ஏன் இதை யாருக்கும் காட்டல?"

"யாரும் கேக்கல."

"அது பூஜை ரேக் அண்ணா. நான் வந்தப்பவே, அதைத் தொடாதீங்கன்னு சொல்லிட்டுத்தான் போனாங்க முன்னாடி இருந்தவங்க."

பூஜை ரேக் என்றால் என்னவென்று அவரே கம்ப்யூட்டரில் திறந்து பார்த்துத்தான் சொன்னார். ஆயுத பூஜைக்கு எல்லா மிஷினையும் நிறுத்தித் துடைத்துப் பொட்டு வைத்துப் படைப்பது இங்கே வழக்கம். ஜெனரேட்டர், பஸ், தண்ணீர் மோட்டார், கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும். நிறுத்தினால் மறுநாள் எழும்புமோ எழும்பாதோ என்ற பயத்தில் ஒரு வருஷம் யாரோ, நிறுத்துவதற்கு முன் மொத்தத்துக்கும் ஒரு காப்பி எடுத்து நான்காவது ரேக்கில் வைத்திருக்கிறார். அந்த ரேக்குக்குத்தான் சரஸ்வதி படத்தைச் சாய்த்துப் படையல். அடுத்த வருஷம் அதேபோல இன்னொரு காப்பி. படைத்ததை அழிக்க யாருக்கும் மனம் வரவில்லை. எட்டு வருஷம் எட்டு காப்பி.

"எட்டுன்னா பரவால்ல அண்ணா. மொத்தத்துக்கும் காப்பி எடுக்கும்போது போன வருஷ பூஜையும் சேர்ந்து காப்பி ஆகுது. அதுக்குள்ள அதுக்கு முந்தின வருஷம். அதுக்குள்ள அதுக்கும் முந்தினது."

எனக்கு உடனே புரிந்தது. இன்றைக்கு ஒரு மூட்டை தூக்க வேண்டும், ஆனால் நேற்றுவரை தூக்கிய எல்லா மூட்டையையும் சேர்த்துத் தூக்கினால்தான் கணக்கில் வரும் என்று எந்தக் கங்காணியாவது சொன்னால் எப்படி இருக்கும். வளாகத் திறப்பு விழாவில் விருந்தினர் ஒருவர் வேப்பங்கன்று நடும் படம், எண்ணி மாளாத இடங்களில் கிடந்தது. அந்தக் கன்று முதல் கோடையிலேயே உப்பில் கருகிவிட்டது.

"ரெண்டு மணிக்கு என்னா?"

"எல்லா காப்பியும் கெடாம இருக்கான்னு முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் படிச்சுப் பாக்குது. சாப்பிட்டுட்டு எல்லாரும் அசந்திருப்பாங்க, நெட்வொர்க் ஃப்ரீயா இருக்கும்னு அந்த டைம் வச்சிருக்காங்க."

வெயில் உச்சியில் இருக்கும்போது ஊரிலேயே கனமான வேலையை அந்தப் பெட்டிக்குக் கொடுத்திருந்தார்கள். அளத்தில் யாரும் அப்படிச் செய்யமாட்டார்கள்.

"அழிச்சிடுங்க மேடம்."

அவர் முடியாது என்று தலையை ஆட்டினார். "நீங்க சொல்லலாம் அண்ணா. பூஜைக்கு வச்சதை நான் அழிச்சேன்னு வையுங்க, நாளைக்கு இந்த ஆபீசுல வேற மாதிரி பேசுவாங்க. ஆபீசர் கையெழுத்துப் போட்டுத் தரட்டும். அப்புறம் பண்றேன்."

அவர் சொன்னதில் தப்பு இல்லை. கையெழுத்துப் போட வேண்டியவர் கண்காணிப்பாளர். காலையில் நெற்றி நிறைய விபூதியோடு வந்து, மேசை டிராயரைக்கூடக் கும்பிட்டுத் திறக்கிறவர். போன ஆயுத பூஜைக்கு நான் வேண்டாம் வேண்டாம் என்று கத்தியும் சர்வர் அறைக்குள் கற்பூரம் காட்டி, தீ அலாரம் அடித்து, மொத்த வளாகமும் மைதானத்துக்கு ஓடியது அவர் கைங்கரியம்.

நோட்டை அவர் முன்னால் விரித்து எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில்,

"ஏம்பா, சரஸ்வதி கால்ல வச்சது. அழிச்சிட்டு நாளைக்கு ஏதாச்சும் ஆயிடுச்சுன்னா யார் பதில் சொல்றது? நீயா?"

"சார், அன்னிக்கு சரஸ்வதி படத்துக்கு மாலை போட்டீங்களே, அது எங்க சார்?"

"எந்த மாலை?"

"செவ்வந்தி மாலை. பெருசா."

"அது மறுநாளே எடுத்து ஓடையில விட்டாச்சே. அதுக்கென்ன இப்ப?"

"சாமி கழுத்துல கெடந்ததையே எடுத்து விட்டுட்டீங்க. கால்ல வச்சதை எட்டு வருஷமா வச்சிருக்கீங்க."

"டேய், அது பூவுடா. காஞ்சி போச்சு."

"இதுவும் காஞ்சதுதான் சார். எட்டு வருஷத்துல யாராச்சும் ஒரு வாட்டி தொறந்து பாத்தாங்களா? சரஸ்வதி பூஜைக்கு வச்ச புஸ்தகத்த மறுநாள் எடுத்து ஒரு வரியாச்சும் படிக்கணும்ல? படிக்காம அடுக்கியே வச்சிருந்தா அது பூஜையா சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பக்கத்து மேசை கிளார்க் அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு ஃபைலுக்குள் தலையை விட்டார்.

"எட்டாவது படிச்சதுக்கே இந்த வாயா உனக்கு?" என்றார். பிறகு, "சரி, முறையா செய்யணும். நல்ல நாள் பாத்துத் தரேன். ராகுகாலத்துல கை வைக்கக் கூடாது."

"கற்பூரம் மட்டும் வெளிய சார்."

"தெரியும் போடா."

கையெழுத்து வந்துவிட்டது. நான் அன்றைக்கே முடிந்துவிடும் என்று நினைத்தேன். கூனிமேட்டு அம்மா அப்படி நினைக்கவில்லை. ஒவ்வொரு பூஜைக் காப்பியிலும் இருப்பது இப்போதைய சர்வரில் இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் அழிப்பேன் என்றார். அதோடு எல்லாத் துறைக்கும் கடிதம் அனுப்பி, எந்த ஃபைல் யாருடையது, எது தேவை என்று கேட்டார். ஒரு பேராசிரியரின் கட்டுரை 'ஃபைனல்', 'ஃபைனல் புதுசு', 'இதுதான் ஃபைனல்', 'சார் சொன்ன ஃபைனல்' என்று நான்கு பெயரில் இருந்தது. எது வேண்டும் என்று கேட்டதற்கு அவர், நாலும் இருக்கட்டும் என்றாராம்.

ஒரு வாரம் போனது. மூன்று வாரம் தாண்டிப் போனது. தினமும் இரண்டு மணிக்கு நான் பேனல் சுவிட்சை இறக்கிக்கொண்டிருந்தேன். அக்கா மகள் இப்போது பஸ் பிடித்துக் கீழ்புத்துப்பட்டுக் கோயில் பக்கம் போய் மரத்தடியில் உட்கார்ந்து படிப்பதாக அக்கா சொன்னாள். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். தேர்வுக்கு இருந்த நாள்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம்.

காத்திருப்பது எனக்கு வராத வேலை. ஒரு மதியம் அந்த அம்மா சாப்பிடப் போயிருந்தார். நான்காவது ரேக்கின் பின்னால் போய் பிளக்கில் கை வைத்தேன். பிடுங்கினால் முடிந்தது. கையெழுத்துதான் வந்துவிட்டதே. பிளக்கை அசைத்தும்விட்டேன்.

"அண்ணா!"

கழுவிய டப்பாவோடு வாசலில் நின்றிருந்தார். கையை எடுத்தேன்.

"இன்னும் ரெண்டு வருஷத்துக் காப்பி பாக்கி இருக்குது. அவசரப்பட்டு எதையாச்சும் தொலைச்சோம்னா அப்புறம் ஜென்மத்துக்கும் யாரும் எதையும் அழிக்க விடமாட்டாங்க. பொறுங்க."

முகத்தைப் பார்க்க முடியவில்லை எனக்கு. வெளியே போய் ஏசிப் பெட்டியின் தகட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் அவரே ஓடி வந்தார். எல்லாவற்றிலும் பழைய காப்பியில், முதல் பூஜைக் காப்பியில், இரண்டு வருஷக் கிணற்று அளவுகள் இருந்தன. அளத்துத் தண்ணீர் எந்தெந்த ஊர்க் கிணறு வரைக்கும் ஏறியிருக்கிறது என்று வீடு வீடாகப் போய் எடுத்தவை. இப்போதைய சர்வரில் அவை இல்லை. எப்போதோ யாரோ தெரியாமல் அழித்திருக்கிறார்கள். எடுத்த ஆராய்ச்சிக்காரர் ஊரைவிட்டே போய்விட்டார். பூஜைக்கு வைத்ததால் மட்டும்தான் அது மிஞ்சியிருந்தது. நேற்று நான் பிளக்கைப் பிடுங்கி, அதற்குப் பின் அதைத் துடைத்திருந்தால், அது உலகத்திலேயே இல்லாமல் போயிருக்கும்.

கண்காணிப்பாளருக்குச் செய்தி போனது. அவர் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"பாத்தியா? யாரு காப்பாத்துனது?"

"சரஸ்வதிதான் சார்."

"அப்படி வா வழிக்கு."

எனக்குக் கோபமே வரவில்லை. அவர் சொன்னது உண்மை. மாலை என்று நான் சொன்னதும் உண்மை. எதை வைத்திருக்கிறோம் என்று தெரியாமல் வைத்திருப்பதும், தெரியாமல் அழிப்பதும் ஒரே தப்பின் இரண்டு பக்கம் என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அதைப் படிக்க எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் போக வேண்டியிருக்கவில்லை.

கிணற்று அளவுகளை முதல் ரேக்குக்கு மாற்றினார்கள். ஒரே ஒரு ஒழுங்கான காப்பி, தலைமை வளாகத்தில் இன்னொன்று. அவற்றைச் சரிபார்க்கிற வேலை இனி விடியற்காலையில், வெளியே காற்று குளிர்ந்திருக்கும்போது. ஒரு வெள்ளிக்கிழமை, ராகுகாலம் கழித்து, ஜெனரேட்டர் ஷெட்டுக்குப் பக்கத்தில் கண்காணிப்பாளர் கற்பூரம் ஏற்றினார். கூனிமேட்டு அம்மா ஜும்ஆ தொழுகை நேரம் என்று துப்பட்டாவைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, உதட்டுக்குள் எதையோ ஓதியபடியே கீபோர்டைத் தட்டினார். அழித்து முடித்த பிறகு, "இப்ப பிடுங்குங்க அண்ணா" என்றார். பிடுங்கினேன். நான்காவது ரேக்கின் விசிறிகள் ஒவ்வொன்றாக நின்றன. அந்த அறையில் அவ்வளவு இரைச்சல் இருந்தது என்பதே அது நின்ற பிறகுதான் தெரிந்தது. ஒரு மணி நேரத்தில் இரண்டாவது ஏசியை நிறுத்திப் பார்த்தேன். அறைச் சூடு ஏறவில்லை. இரண்டு மணிக்குப் பார்த்தேன், மூன்று மணிக்குப் பார்த்தேன். ஏறவில்லை. ஒரு ஏசியின் லோடு குறைந்ததில் டிரான்ஸ்பார்மரும் தாங்கியது, மூன்றாவது ஏசிக்கான ஃபைல் அப்படியே திரும்பி வந்தது.

எங்கள் வளாகத்தின் இயக்குநர் தலைமை வளாகத்துக்கு ஒரு அறிக்கை அனுப்பினார். அதில் கடைசியாக, 'இணைப்பு: ஏசி ஆபரேட்டரின் குறிப்பேடு, முழுவதும்' என்று ஒரு வரி இருந்தது. கூனிமேட்டு அம்மா அதைக் காட்டினார். என் கோணல் எழுத்தை ஜெராக்ஸ் எடுத்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் முத்திரை குத்தியிருந்தார்கள். நான் எழுதிய எதற்கும் அதுவரை யாரும் முத்திரை குத்தியதில்லை. பள்ளிக்கூடத்தில் சிவப்பு மையில் சுழித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்தத் தாளை நான் மூன்று முறை வாங்கிப் பார்த்தேன் என்பதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. மற்ற வளாகங்களிலும் இப்படி எழுதச் சொல்லி உத்தரவு போயிருக்கிறது. எந்த ஊரிலோ என்னைப் போல ஒருவன் கோடு போட்டுக்கொண்டிருப்பான்.

அக்கா மகள் தேர்வில் தேறிவிட்டாள். அது அவள் மூளை, அவள் உழைப்பு, அதில் நான் பங்கு கேட்கமாட்டேன். ஆனால் தேர்வுக்கு முந்தைய எட்டு நாள் மதியம் என்னுடையது. அந்த எட்டில் முதல் நாள், பழைய ஆர்டர் ரத்து என்று தாள் வந்ததும், இரண்டு மணிக்குச் சுவிட்சை இறக்காமல் பேனலை மூடிவிட்டு நூலகத்துக்குப் போனேன். அந்த ஏழெட்டுப் பெண்களும் இருந்தார்கள். எல்லா மின்விசிறியையும் முழு வேகத்தில் வைத்து, மாப்பிள்ளை வீட்டுக்காரன் மாதிரி நடு அறையில் நின்றேன்.

அக்கா மகள் இரண்டு முழங்கையாலும் நோட்டுத் தாள்களை அழுத்திப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"மாமா, ஃபேனைக் கொஞ்சம் கொறைங்க. பேப்பரெல்லாம் பறக்குது."

ரெகுலேட்டரை ஐந்திலிருந்து மூன்றுக்குத் திருப்பினேன்.